கடல் ஓடிவிடாது... முழங்கால்? - வில்பட்டி டு ராமேஸ்வரம், 15,000 ரூபாயில் ஒரு தீவுப் பயணம்

"கடல் எங்கயும் ஓடிறாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். இந்த இருபது வருஷமும் என் மாமியார் சொல்லிவந்த வசனம் இது. பூண்டு நல்ல விலைக்குப் போன வருஷம், "கூரையை மாத்தணும்" என்றார். விலை விழுந்த வருஷம், "கையில காசு ஏது?" என்றார். கடல் அங்கேயேதான் இருந்தது. அத்தைதான் போகவில்லை.

கொடைக்கானல் டவுனிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் வில்பட்டி. படிப்படியாக இறங்கும் தோட்டங்களில் பூண்டு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பூண்டை ஐம்பது வருஷமாக நட்டு, களையெடுத்து, பிடுங்கிய கை அத்தையுடையது. பழநிக்கு நடந்தே போயிருக்கிறார். மதுரைக்கு ஆஸ்பத்திரி விஷயமாகப் போயிருக்கிறார். கடலை மட்டும் டி.வி-யில்தான் பார்த்திருக்கிறார்.

இந்த வருஷம் முழங்கால் வலிக்காக டாக்டரிடம் கூட்டிப்போனோம். இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது, படி ஏறி இறங்க வேண்டாம் என்றார் டாக்டர். வாசலை விட்டுக் கால் வைத்தாலே படியாக இருக்கும் ஊரில் இருப்பவரிடம் இதைச் சொன்னால் என்ன செய்வார்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேசவே இல்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ராமேஸ்வரத்துக் கடலை ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

அன்றைக்கே நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டோம்.

மகள் காட்டிய கிரேக்கத் தீவு

தீவு என்றதும் கல்லூரி முதல் வருஷம் படிக்கும் என் மகள் போனை நீட்டினாள். வெள்ளைச் சுவர்கள், நீலக் கூரைகள், கீழே கடல். கிரேக்க நாட்டின் சாண்டோரினி. "இங்க போலாம்மா!" என்றாள் விளையாட்டாக.

விளையாட்டுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தோம். கிரேக்கம் போக ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு அதன் கட்டணம் 90 யூரோ. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ. நாங்கள் நாலு பெரியவர்கள், பத்து வயதுப் பையன் ஒருவன். மொத்தம் 405 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே 40,500 ரூபாய். விமான டிக்கெட்டுக்கு முன்னால், விசா மனுவுக்கு மட்டும்! "அந்தக் காசுல ரெண்டு தடவ விதைப்பூண்டு வாங்கலாம்" என்று அத்தை போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால், குறைந்த செலவில் கிரேக்கத் தீவுகளுக்குப் போய்வருபவர்கள் செய்யும் காரியங்களை மகள் விடாமல் படித்தாள். அதில் மூன்று விஷயங்கள் எங்களுக்கும் பொருந்தின. ஒன்று, கூட்டம் நெரியும் ஜூலை, ஆகஸ்ட்டை விட்டுவிட்டு மே மாதமோ, செப்டம்பர் கடைசியிலோ போகிறார்கள். இரண்டு, எல்லோரும் போகும் சாண்டோரினியை விட்டு நாக்ஸோஸ் போன்ற தீவுகளில் தங்குகிறார்கள். மூன்று, கடலைப் பார்த்த அறைக்குப் பதிலாக, இரண்டு தெரு தள்ளி, குடும்பங்கள் வாடகைக்கு விடும் அறைகளை எடுக்கிறார்கள்.

கேட்டதும் என் கணவர் சிரித்தார். அவர் கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் மேற்பார்வையாளர். "இதைத்தானே நம்மகிட்ட வர்ற விவரமான ஆளுங்களும் செய்றாங்க. சீசன்ல வந்து ரெண்டு மடங்கு கொடுக்கிறவங்களும் இருக்காங்க. ஆகஸ்ட்ல வந்து பாதிக்குப் பாதி பேசுறவங்களும் இருக்காங்க. அறை அதே அறைதான்" என்றார்.

நாங்கள் அறை கொடுக்கிற ஊர்க்காரர்கள். இந்த முறை அறை கேட்கிறவர்களாக மாறினோம்.

தேதியிலேயே பாதிப் பணம் மிச்சம்

முதலில் போகக் கூடாத நாள்களைக் காலண்டரில் அடித்தோம். ஆடி, புரட்டாசி, தை மாத அமாவாசைகளில் முன்னோர் கடன் செய்ய ராமேஸ்வரத்தில் கூட்டம் அலைமோதும். மகா சிவராத்திரியும் அப்படியே. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். மே மாதம் பள்ளி விடுமுறை. எங்களுக்கும் அது சீசன் என்பதால் கணவருக்கு லீவே கிடைக்காது. தவிர, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். மிஞ்சியது, மகாளய அமாவாசை முடிந்து வரும் காலாண்டுத் தேர்வு விடுமுறை. அதிலும் சனிக்கிழமையைத் தவிர்த்து, ஞாயிறு மாலை போய்ச்சேர்ந்து புதன் காலை கிளம்புவதாக வைத்தோம். வார இறுதிக் கூட்டம் ஊரைக் காலி செய்யும் நேரத்தில் நாங்கள் உள்ளே நுழைந்தோம். மூன்று ராத்திரி. அறை வாடகை பேச அதுவே போதுமான பலம்.

கடல் தெரியுமா... எவ்வளவு தெரியும்?

தேவஸ்தான விடுதி, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல், பல சமூகத்தார் நடத்தும் சத்திரங்கள் மற்றும் மடங்கள், தனியார் லாட்ஜுகள், வீட்டு அறைகள். ராமேஸ்வரத்தில் தங்க இத்தனை வழிகள் உண்டு. எங்கள் தேதிக்குத் தனியார் லாட்ஜ்தான் அமைந்தது.

முதலில் ஒரு இடத்தில், 'கடலைப் பார்த்த அறை' என்று அழகான போட்டோ போட்டிருந்தார்கள். முன்பணம் கட்டப் போன மகளை என் கணவர் நிறுத்தினார். எங்கள் ஊரில், இரண்டு மரங்களுக்கு நடுவில் கையகலம் ஏரி தெரிந்தால் அதற்கு 'லேக் வியூ' என்று பெயர் வைப்பதைப் பார்த்தவர் அவர். "பால்கனியில நின்னு வீடியோ கால் போடுங்க தம்பி" என்று கேட்டார். போட்டார்கள். இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில், ஒரு நீலக் கோடு. அந்தக் கோட்டுக்கு மட்டும் நாளுக்கு 900 ரூபாய் கூடுதல்!

கடலைப் பார்க்கத்தான் நடந்து போகப்போகிறோமே, அறைக்குள்ளிருந்து எதற்கு? அதை விட்டுவிட்டு, அத்தையின் முழங்காலை மனதில் வைத்து ஏழு கேள்விகள் எழுதினோம். ஒவ்வொரு லாட்ஜுக்கும் போன் செய்து அதையே கேட்டோம்.

1. அறை எந்த மாடியில்? லிஃப்ட் உண்டா, இப்போது ஓடுகிறதா?
2. வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா?
3. அக்னி தீர்த்தக் கடற்கரைக்கு நடந்து எத்தனை நிமிஷம்? (குளித்துவிட்டு ஈரத் துணியோடு திரும்ப வேண்டுமே!)
4. ஐந்து பேருக்கு ஒரே பெரிய அறையா? கூடுதல் படுக்கைக்குத் தனிக் காசா?
5. 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா?
6. குழாயில் உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா?
7. சொல்லும் வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா?

கடைசிக் கேள்வி முக்கியம். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பழைய கணக்கில் பில் போட்டால் கேட்கலாம்.

கோயிலிலிருந்து ஒரு தெரு தள்ளி, தரைத்தளத்தில், ஏ.சி இல்லாத பெரிய அறை கிடைத்தது. வரியோடு நாளுக்கு 1,800 ரூபாய். ஊருக்கு வெளியே இதைவிட 500 ரூபாய் குறைவாகவும் ஒன்று இருந்தது. ஆனால், கோயிலுக்கும் கடலுக்கும் தினமும் இரண்டு முறை ஆட்டோ என்றால், அந்த 500 எங்கே மிஞ்சும்?

எங்கள் 15,000 ரூபாய்

கிளம்பும் முன் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கவர் போட்டோம்.

- அறை, 3 ராத்திரி: 5,400
- பஸ், ரயில் (போக வர): 1,800
- ஊருக்குள் ஆட்டோ, டவுன் பஸ்: 1,800
- சாப்பாடு: 4,000
- கோயில், சங்கு, பொம்மை: 1,000
- கைக்காவல்: 1,000

கைக்காவல் கவர் அத்தையிடம். அவரைத் தாண்டி அதிலிருந்து பத்து ரூபாய் வெளியே வராது!

பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் மலைப்பகுதி பஸ்களுக்கும் வந்துவிட்டதால், வில்பட்டியிலிருந்து கொடைக்கானல் வரை எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் இல்லை. மதுரை டவுன் பஸ்ஸிலும் அப்படியே. பையனுக்கு அரை டிக்கெட். மூத்த குடிமக்களுக்கு ரயிலில் இருந்த சலுகை 2020 மார்ச்சில் நின்றதோடு சரி. ஆனாலும், மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு முன்பதிவில்லாத பாசஞ்சர் ரயிலில் போனால், ஆளுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது.

மலை இறங்கி, பாலம் ஏறி

காலை முதல் பஸ்ஸில் வில்பட்டியை விட்டோம். கொடைக்கானலிலிருந்து மதுரை ஆரப்பாளையத்துக்கு நாலு மணி நேரம். வெறும் வயிற்றோடும் இல்லாமல், வயிறு முட்டவும் இல்லாமல், இரண்டு இட்லியோடு மலை இறங்குவது எங்கள் ஊர்ப் பழக்கம். வத்தலக்குண்டு வந்ததும் அத்தை ஸ்வெட்டரைக் கழற்றினார். மதுரையில் சால்வையையும் மடித்து வைத்தார்.

ஆரப்பாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ரயில் நிலையம். பஸ்ஸிலேயே போகிறவர்கள் மாட்டுத்தாவணி போக வேண்டும். நாங்கள் ரயிலை எடுத்ததற்குப் பாம்பன் பாலம்தான் காரணம்.

1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நின்றது. அதன் பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் உள்ள 72.5 மீட்டர் பகுதி, கப்பல் வந்தால் அப்படியே லிஃப்ட் போல 17 மீட்டர் மேலே போகும். பழைய பாலத்தில் இரண்டு பக்கமும் கைபோல விரியும். இதையெல்லாம் பையன் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

அத்தை கேட்டதாகத் தெரியவில்லை. மண்டபம் தாண்டி, ரயில் மெதுவாகி, இரண்டு பக்கமும் தரை காணாமல்போனது. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இம்புட்டுத் தண்ணியும் உப்பா?"

ஊற்று வற்றினால் குடம் தூக்கி, குழாய் போட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தே ஆயுசைக் கழித்தவர். வேறென்ன கேட்பார்?

ஆண் கடல், பெண் கடல்

மறுநாள் விடியற்காலை அக்னி தீர்த்தம். மலைக்காரர்களுக்குக் கடல் என்றால் பயம். ஆனால் அங்கே குளம்போல இருந்தது. ஆட்டோ அண்ணன் ஒருவர் விளக்கினார். தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கம் 'பெண் கடல்', தெற்கே மன்னார் வளைகுடா 'ஆண் கடல்'. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்கில் அலை அடிக்கும், வடக்கு சாதுவாக இருக்கும். வடகிழக்குக் காற்று வந்துவிட்டால் கதை தலைகீழ். எந்த மாதம் எந்தப் பக்கம் கால் நனைக்கலாம் என்பதற்கு இதைவிடச் சுலபமான விதி இல்லை. பிள்ளைகளைக் கடலில் விளையாட விட விரும்புகிறவர்கள், உச்சிப்புளி பக்கம் பெண் கடல் ஓரத்தில் இருக்கும் அரியமான் கடற்கரையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். வாளி வாளியாக ஊற்றுவார்கள். கல் தரை முழுக்க ஈரம். அத்தை வாசலில் நின்று யோசித்தார். விழுந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவரே சொல்லிவிட்டார். "கடல்ல முங்குனதே போதும். எம் முட்டி கதை ராமநாதருக்குத் தெரியாதா?" உடை மாற்றிக்கொண்டு, 1,212 தூண்கள் கொண்ட பிராகாரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தார். கோயிலுக்குள் செல்போன் கூடாது என்பதால் போட்டோ தொல்லையும் இல்லை.

பகல் பதினொன்று முதல் மூன்று மணி வரை அறையிலேயே இருந்தோம். குளிரில் பழகிய உடம்புக்கு அந்த வெயிலும் புழுக்கமும் வேறு மாதிரி. தாகம் எடுக்கும் முன்பே மோர், இளநீர் என்று கொடுத்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். ராமேஸ்வரத்தின் சின்னத் தெருவில் பிறந்த பிள்ளை எங்கே போய் நின்றார் என்பதைப் பையனுக்கு மகள் சொல்லிக்கொடுத்தாள்.

மணலுக்குள் நல்ல தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை, அரசு பஸ்ஸில் தனுஷ்கோடி. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு ஜீப்பில் மணலில் குலுங்கிப் போகும் வேலை இல்லை. இருட்டும் முன் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அங்கே தங்கவும் முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலே கடலோடு போனது. அந்த ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இடிந்த தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம் எல்லாம் அப்படியே நிற்கின்றன.

முனையில் இரண்டு கடலும் பக்கத்தில் பக்கத்தில். நீரோட்டம் இழுக்கும் என்பதால் குளிக்கக் கூடாது. பையனின் கையை விடாமல் பிடித்திருந்தோம்.

திரும்பும்போது, குடிசை முன் மீன் காயப்போட்டிருந்த ஒரு பாட்டியிடம் அத்தை பேச்சுக் கொடுத்தார். "குடிக்கத் தண்ணிக்கு என்ன செய்வீக?" என்று கேட்டார். ஐம்பது வருஷத் தோட்டக்காரியின் கேள்வி! பாட்டி கூட்டிப்போய்க் காட்டினார். கடலிலிருந்து கூப்பிடு தூரம். மணலில் ஒரு பள்ளம். அதன் அடியில், கலங்காத தண்ணீர். மழை நீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்குமாம். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்பதால் அளவாகத்தான் தோண்டுவார்களாம்.

பாட்டி சிரட்டையில் மொண்டு கொடுத்தார். அத்தை ஒரு வாய் குடித்தார். அப்புறம் மிச்சத்தையும் குடித்தார்.

பையிலிருந்து ஒரு கட்டு மலைப்பூண்டை எடுத்து நீட்டினார். ஊரிலிருந்து கிளம்பும்போது இதை எதற்குத் தூக்குகிறார் என்று நான்கூட முணுமுணுத்தேன். "புகை போட்டது. ஒரு வருஷம் ஆனாலும் கெடாது" என்று பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பிய பிறகு

புதன் ராத்திரி வில்பட்டி. கவர்களைக் கொட்டி எண்ணினோம். சாப்பாட்டுக் கவரில் 300 ரூபாய் துண்டு. ஆட்டோ கவரில் 450 மிச்சம். கைக்காவல் கவர் ஒட்டியபடியே இருந்தது.

எங்களைப்போலக் கிளம்புகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான். முதலில் தேதியை முடிவு செய்யுங்கள், பிறகு அறை. வீட்டில் யாருக்கு நடக்கச் சிரமமோ, அவருக்கு ஏற்ற அறையைத் தேடுங்கள். முன்பணம் கட்டும் முன், அறையை வீடியோ காலில் பாருங்கள். ரயில், பஸ் நேரங்களைக் கிளம்பும் முதல் நாள் மறுபடி சரிபாருங்கள். எல்லா இடத்தையும் பார்க்க வேண்டும் என்று ஓடாதீர்கள். நாங்கள் விட்டுவந்த இடங்களே நிறைய.

முக்கியமாக, முழுப் பணமும் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எங்களிடம் 15,000 ரூபாய் இதற்கு முன்பும் சில வருஷங்களில் இருந்திருக்கிறது. அன்றைக்கே போயிருந்தால், அத்தை 22 தீர்த்தமும் ஆடியிருப்பார்.

நேற்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், "கடல் எப்படி இருந்துச்சு அத்தை?"

"அதுக்கென்ன, இருக்கு" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "அங்கன மணலுக்குள்ள ஒரு தண்ணி இருக்குது பாரு..." என்று ஆரம்பித்தார். கேரட் கழுவி முடிக்கும்வரை அந்தக் கதைதான் ஓடியது.